கைடில் உள்ளபடியே

கிணத்துக்கடவு
12.2.1995

தங்கச்சி கீதாவுக்கு அண்ணன் சுப்பண்ணன் எழுதுவது.

ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் பொய்யாகப் போகும். அதனால் விட்டுவிட்டேன். போனில் பேசுங்கள் என்றாள் உன் அண்ணி ராசாத்தாள். எஸ்.டி.டி. பூத்துக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாம் சண்டை போடுவதை ஊரே கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் மகள் நித்யாவுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் தை மாசம் நீ செய்த காரியத்தை நான் மறக்கவில்லை. நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் வாங்க எத்தனை பேர் வாசலில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். ரெஜிஸ்டரில் 'அத்தை' என்று கையெழுத்துப் போட்டு, பெட்டியோடு கூட்டி வந்து என் வாசலில் நிறுத்தினாய். பெத்தவனை ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது, அதனால் விட்டேன். பிறகு நம்மூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன்.

பலன் என்ன தெரியுமா? அரையாண்டில் கணக்குக்கு இருநூற்றுக்கு 151. அங்கே இவளோடு இருந்த பிள்ளைகள் 195-க்குக் குறைவதில்லையாம். கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "விடையெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. ஆனாப் பொஸ்தகத்துல இருக்கற வழியில போட மாட்டேங்குதுங்க. தானா ஒரு வழி கண்டுபிடிச்சுப் போடுதுங்க. பப்ளிக்குல அப்படிப் போட்டா ஆருங்க மார்க்குப் போடுவாங்க?" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். தென்னைக்குச் சொட்டு நீர் போட்டிருக்கிறேன். கடைசி வரிசை மரங்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கம்பெனிக்காரனை வரச் சொல்லலாம் என்றிருந்தேன். இவள் ஒரு நாள் முழுக்கச் சொம்பும் கடிகாரமுமாக ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்து என்னவோ எழுதினாள். மறுநாள் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் பைப்பில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டாள். மோட்டாருக்குக் கிட்டத்தில் சின்ன ஓட்டை, தள்ளிப் போகப் போகப் பெரிய ஓட்டை. மூன்று பைப் பாழ். இப்போது கடைசி மரத்துக்கும் தண்ணீர் போகிறது, இல்லையென்று சொல்லவில்லை. பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது செய்கிற வேலையா இது?

கணக்கில் 190 வந்தால் இன்ஜினியரிங் பார்க்கலாம். வராவிட்டால் ஜூனில் அதே ஹாஸ்டல்தான். இம்ப்ரூவ்மெண்ட் என்று அங்கே ஒரு வருஷம் வைத்திருந்து அதே பரீட்சையைத் திரும்ப எழுத வைக்கிறார்கள். இடம் சொல்லி வைத்துவிட்டேன். இந்தத் தடவை நீ குறுக்கே வரக் கூடாது.

நீயும் கணக்கு டீச்சர்தானே. கைடில் உள்ளபடியே போடு என்று அவளுக்கு நாலு வரி எழுது. நீ சொன்னால் கேட்பாள்.

சுப்பண்ணன்


பவானி
20.2.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், ஸ்கூலுக்குக் கிளம்பியவள் செருப்புப் போட மறந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் மணி போயே போய்விட்டது.

அன்று நடந்ததை நீங்கள் கேட்கவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் உட்காரும் ஹாலுக்கு அவளைக் கூட்டி வந்தார்கள். "சாப்பிட்டியா கண்ணு?" என்றேன். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "சாப்பிட்டேன் மிஸ்" என்றாள். அண்ணா, நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்னை மிஸ் என்றது. "அத்தைடி, பாரு" என்றேன். "ஸாரி மிஸ்" என்றாள்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவர்கள் தொடவே இல்லை. நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைக்கிறார்கள். அவள் கணக்கு நோட்டைப் பிரித்தேன். சரியான விடையின் மேல் சிவப்புக் கோடு. வழி வேறு என்பதற்காக அதே கணக்கை முப்பது தடவை எழுத வைத்திருந்தார்கள். வலது கை நடுவிரல் வீங்கிப் போயிருந்தது. "வலிக்குதா?" என்றேன். "இல்லை மிஸ்." அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு முடியவில்லை. உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அது தப்பென்றால் தப்புத்தான்.

கைடில் உள்ளபடி போடு என்று நான் எழுத மாட்டேன். உக்கடத்திலிருந்து வந்தாலும் பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் கிணத்துக்கடவு கிணத்துக்கடவுதானே? நித்யா புது வழியில் வந்து சேருகிறாள். அதற்கு ஒரு மூளை வேண்டும். என் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள், இந்த மாதிரி ஒன்று கிடையாது. மூன்று பைப்பைப் பாழாக்கினாள் என்கிறீர்கள். கம்பெனிக்காரன் செய்ய வேண்டியதைப் பதினேழு வயதுப் பெண் செய்திருக்கிறாள், அது உங்கள் கண்ணில் படவில்லையா?

விடைத்தாள் திருத்துகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நானும் பத்து வருஷமாகத் திருத்துகிறேன். வழி சரியாக இருந்தால் மார்க் விழும். என்னை நம்புங்கள்.

அவளைத் திரும்ப அங்கே அனுப்பாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கீதா


கிணத்துக்கடவு
19.3.1995

தங்கச்சி கீதாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மிஸ் என்று கூப்பிட்டதைப் படித்து ராசாத்தாள் அழுதாள். எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் வாய்க்கு ஆகாத மருந்தும் நோவுக்கு ஆகும். கஷ்டப்படாமல் யார் படித்தார்கள்?

கணக்குப் பரீட்சை முடிந்தது. நீ எழுத மாட்டேன் என்றதால் நானே ஒரு வழி செய்தேன். பரீட்சை அன்று காலையில் அவளை நம் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். "கைடில் உள்ளபடியேதான் எழுதுவேன், சொந்த வழியில் ஒரு கணக்கும் போட மாட்டேன் என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணு" என்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள்.

நம் ஆட்களில் அந்தச் சத்தியத்தை மீறினவர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எல்லைத் தகராறே அதில் தீர்ந்திருக்கிறது, ஒரு பரீட்சை தீராதா?

சாயங்காலம் கேட்டேன், "எப்படிக் கண்ணு எழுதுன?" என்று. "கைடுல இருக்கற மாதிரியேதானுங்கப்பா எழுதுனேன்" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவள்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. பரீட்சைக் களைப்பாக இருக்கும். தோட்டத்துப் பக்கமும் போவதில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்கப்பா" என்கிறாள். முன்னே இப்படி இல்லை, நாலு கேள்வி திருப்பிக் கேட்பாள். வயது வந்த பிள்ளை, பொறுப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுப்பண்ணன்


சேலம், விடைத்தாள் திருத்தும் முகாம்
12.4.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

சத்தியம் வாங்கியதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இப்போது கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு காரியம் நடந்துபோயிற்று. வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் நானூறு பேர் உட்கார்ந்து திருத்துகிறோம். பெஞ்சில் தோளோடு தோள். ஒவ்வொருவர் கையிலும் அச்சடித்த விடைக்குறிப்பு. எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று அதில் இருக்கும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. தாளில் பெயர் கிடையாது, ஒரு மாற்று எண் மட்டும். எந்த ஊர்த் தாள் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

நேற்று மதியக் கட்டில் கடைசியிலிருந்து மூன்றாவது தாள். நாற்பது மீட்டர் கம்பிவேலி இருக்கிறது, அதை வைத்து நீள்சதுரமாக அடைத்தால் அதிகபட்சம் எவ்வளவு நிலம் அடைக்கலாம் என்று ஒரு பத்து மார்க் கணக்கு. புத்தகத்தில் நுண்கணிதம் போட்டு ஒன்றரைப் பக்கம் வரும். அந்தப் பிள்ளை நாலே வரி எழுதியிருந்தது. நாலு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் என்று வை. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் அடுத்த பக்கம் அதே அளவு சுருங்கும். பெருக்கிப் பார்த்தால், நீட்டிய அளவைத் தன்னாலேயே பெருக்கிவரும் தொகை நூறிலிருந்து கழிந்துபோகிறது. ஆகவே நீட்டாமல் இருப்பதே அதிகம், விடை நூறு சதுர மீட்டர். அவ்வளவுதான்.

மணி நாலரை. முதன்மைத் தேர்வாளர் சீனிவாசலு சார் கட்டை வாங்க வந்து நிற்கிறார். நான் விடைக்குறிப்பைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். குறிப்பில் உள்ள ஒரு வரியும் தாளில் இல்லை. ஓரத்தில் வரைந்திருந்த படத்துக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. பத்துக்கு இரண்டு போட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போதுதான் அந்த நாலு வரியும் மனசில் ஓடியது. ஒரு ஓட்டை கிடையாது, அண்ணா. என் வாழ்நாளில் நானே அந்தக் கணக்கை இத்தனை அழகாகப் போட்டதில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என்னோடு தங்கியிருக்கும் ஈரோட்டு சித்திகா டீச்சரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க கீதா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எல்லாருக்கும் நடக்கிறது என்று கேட்டதும், பத்து வருஷத்தில் நான் திருத்திக் கொடுத்த கட்டுகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அது நித்யாவின் தாள் இல்லை. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். எந்த வீட்டுப் பிள்ளையோ. வழி சரியாக இருந்தால் மார்க் விழும், என்னை நம்புங்கள் என்று உங்களுக்கு எழுதினேனே. அதை எழுதிய கைதான் இது.

கீதா


கிணத்துக்கடவு
20.4.1995

கீதாவுக்கு,

ஊருக்குத்தான் உபதேசம் என்பது உன் விஷயத்தில் சரியாகப் போயிற்று. இப்படி எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுதியும்விட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நம் பிள்ளையின் தாள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நிம்மதி வரும் என்று பார்த்தால் வரவில்லை. நித்யாவின் தாள் எந்த ஊரில் எந்தப் பெஞ்சில் கிடக்கிறதோ? அதை வைத்துக்கொண்டு உன்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நாலரை மணி ஆகியிருக்கும். கட்டை வாங்க ஆள் வந்து நிற்கும். இதையே நினைத்துக்கொண்டு தோட்டத்தில் மோட்டாரை நிறுத்த மறந்து நிற்கிறேன். கைடில் உள்ளபடி எழுதியிருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கம்பிவேலிக் கணக்கை நித்யாவிடம் காட்டினேன், நீ எழுதிய நாலு வரியை. படித்துவிட்டுச் சிரித்தாள். பரீட்சைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்க்கிறேன். "இதப் போட்டது ஆருங்கப்பா?" என்றாள். தெரியாது கண்ணு என்றேன். "எத்தனை மார்க்குங்க போட்டாங்க?" என்றாள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குக் கணக்குத் தெரியாது, நியாயம் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் என்னைப் போல ஒரு அப்பன் எங்கேயோ 190 வருமா என்று விரலை மடக்கிக்கொண்டிருப்பான். தப்புப் பண்ணியது நீ. டீக்கடையில் நின்று வருத்தப்பட்டால் ஆச்சா? போய் வாயைத் திறந்து சொல்லு.

சுப்பண்ணன்


பவானி
2.5.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொன்னேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சீனிவாசலு சாரிடம் போனேன். நல்ல மனுஷன், முப்பது வருஷ அனுபவம். நாலு வரியையும் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பிரமாதமா இருக்குதும்மா" என்றார். பிறகு, "ஆனா கேள்வி நுண்கணிதப் பாடத்துல இருந்துதானே வந்திருக்குது?" என்றார். கேள்வியில் அப்படி எங்கேயும் சொல்லவில்லையே சார் என்றேன். "சொல்லணுமா?" என்றார்.

கட்டுக்கு அரக்கு வைத்தாகிவிட்டது, மார்க் பட்டியலும் போய்விட்டது. மனுவாக எழுதிக் கொடுத்தேன். நான் திருத்தியதில் தவறு செய்துவிட்டேன், எட்டு மார்க் சேர்க்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். முகாம் அலுவலர் கூப்பிட்டு, "ஒரு தாளுக்காகப் பிரிச்சா அத்தனை கட்டையும் பிரிக்கணும். உங்க மேல ஏன் நீங்களே புகார் குடுக்கறீங்க?" என்றார். மனுவைத் திரும்பப் பெற இரண்டு நாள் அவகாசம் தந்தார்கள். நான் பெறவில்லை. கவனக்குறைவு என்று மெமோ வந்தது. மூன்று வருஷத்துக்குத் திருத்தும் பணி கிடையாது.

அந்தப் பிள்ளைக்கு எட்டு மார்க் சேரவில்லை. இனி சேரப்போவதும் இல்லை. பெயர்கூட எனக்குத் தெரியாது.

அண்ணா, அந்த நானூறு பேரில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. சாப்பாட்டை மறந்து திருத்துகிறவர்கள், கூட்டலில் ஒரு மார்க் விட்டுப்போனால் துடித்துப் போகிறவர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவன் ஒருத்தன் இருந்தால் அவனைப் பிடித்து உலுக்கலாம்.

நித்யா பரீட்சையில் என்ன எழுதினாள் என்று விவரமாகக் கேட்டீர்களா? "கைடில் உள்ளபடி" என்று அவள் சொன்னது எனக்கு ஒட்டவே இல்லை. கைடை மனப்பாடம் பண்ண அவளுக்கு வராது.

கீதா


கிணத்துக்கடவு
30.5.1995

அம்மணி கீதாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. கணக்கு 164.

பேப்பரில் நம்பரைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மார்க்கைப் பார்த்ததும் உன் மேல்தான் கோபம் வந்தது. உன்னைப் போல எவளோ பத்துக்கு இரண்டு போட்டிருக்கிறாள் என்று சாலையிலேயே கத்தினேன். மறுகூட்டலுக்கு எழுதிப் போடலாம் என்று வாத்தியார் சொன்னார். பாரம் வாங்கிக்கொண்டு வந்து நித்யாவிடம் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

பாரத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "கூட்டல்ல தப்பு இருக்காதுங்கப்பா" என்றாள். ஏன் என்றேன். "நான் மூணு கணக்கு முடிக்கலீங்க. பாதி போட்டதையும் கோடு கிழிச்சுட்டனுங்க." அவை மூன்றும் பத்து மார்க் கணக்கு. ஏன் கண்ணு முடிக்கவில்லை, நேரம் போதவில்லையா என்றேன். "நேரம் இருந்துதுங்க. கைடுல நடுவுல ஒரு வரி மறந்து போச்சுங்க."

"உனக்குத்தான் வேற வழி தெரியுமே!" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், கீதா. என் வாயாலேயே கேட்டேன்.

"தெரிஞ்சுதுங்க. மூணுக்கும் விடை தெரிஞ்சுதுங்க. கற்பூரம் அடிச்சிருந்தனுங்களே" என்றாள்.

அரை மணி நேரம் விடை தெரிந்தும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என் பிள்ளை. 164-உம் முப்பதும் கூட்டிப் பார்த்தேன். 194. எந்த டீச்சரும் அவள் மார்க்கைக் குறைக்கவில்லை. நான் குறைத்தேன். இரண்டரை மாசம் இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் வயிற்றில் வைத்திருந்தாள். நான் வருத்தப்படுவேன் என்றுதான் சொல்லவில்லையாம்.

ராசாத்தாள் என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இதைப் படித்துவிட்டு நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. யோசிக்க யோசிக்க எனக்கு வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்த ஹாஸ்டலிலேயே விட்டிருந்தால் அந்த ஒரு வரி மறந்திருக்காது. முப்பது தடவை எழுத வைத்திருப்பார்கள். பரீட்சை மாறப்போவதில்லை, திருத்துகிறவர்கள் மாறப்போவதில்லை. நீ மனுக் கொடுத்து என்ன ஆச்சு? அப்போது பிள்ளைதானே மாற வேண்டும்? இல்லாவிட்டால் அவள் ஆயுசுக்கும் இப்படியே அடிபடுவாளே.

ஜூன் 12 திங்கட்கிழமை சேர்க்கை. வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அவளிடம் சொன்னேன். "சரிங்கப்பா" என்றாள்.

சுப்பண்ணன்


பவானி
4.6.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரீட்சை மாறாது என்கிறீர்கள். நான் ஒரு மாசம் முட்டிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. முன்னே என்றால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது என் பேச்சை நானே நம்புவதில்லை. போன தடவை போல ஓடி வந்து தூக்கிக்கொண்டு போகவும் மாட்டேன். அன்றைக்கு நானும் அவளைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் கொண்டுபோய் விட்டீர்கள், நான் கேட்காமல் கூட்டி வந்தேன். இதை யோசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை அவளை அங்கே விடுவதற்கு முன்னால், 'இங்கே இருக்கிறாயா?' என்று அவளைக் கேளுங்கள். 'சரிங்கப்பா' என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று கணக்கைக் கோட்டை விட்டதும் அந்தச் சரிங்கப்பாதான்.

அவள் இருக்கிறேன் என்று தானாகச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.



கீதா


கிணத்துக்கடவு
14.6.1995

அம்மணி கீதாவுக்கு அண்ணன் எழுதுவது.

திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறி, பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். ராசாத்தாள் வரவில்லை. ட்ரங்குப் பெட்டி, வாளி, தலையணை எல்லாம் புதிது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் நானும் அவளும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

நீ சொன்ன அதே ஹால். ஒரு நூறு பேர் இருப்பார்கள். ஆபீசில் பாரம் கொடுத்தார்கள். பிள்ளையை நிர்வாகம் எப்படி நடத்தினாலும் ஆட்சேபணை இல்லை என்று பெத்தவன் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை சேர்க்கும்போதும் போட்டிருப்பேன், படிக்காமலே போட்டிருப்பேன். இந்தத் தடவை படித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"இங்க இருக்கறயா கண்ணு?" என்றேன்.

"நீங்க சொன்னா இருந்துக்கறனுங்கப்பா."

"நான் சொல்லல. நீ சொல்லு."

"உங்க இஷ்டமுங்கப்பா."

நீ எழுதியிராவிட்டால் அதோடு எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பக் கேட்டேன். அதே பதில். கீதா, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு காலத்தில் நாலு கேள்வி கேட்ட பிள்ளைக்கு, வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. ஹாஸ்டல்காரன் பாதி, நான் பாதி. இரண்டு பேரும் சேர்ந்து இதைச் செய்து முடித்திருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. மார்க் போனதுக்குக்கூட அப்படிப் பயப்படவில்லை.

பன்னிரண்டு ஆச்சு, ஒன்று ஆச்சு. கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றோம். ஆபீஸ்காரர் இரண்டு தடவை வந்து, "என்னங்க, கையெழுத்துப் போட்டீங்களா?" என்றார். பிள்ளை இன்னும் சொல்லவில்லைங்க என்றேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், "அதுகளக் கேட்டா ஆகுமாங்க? வேண்டாம்னுதானுங்க சொல்லும்" என்றார். இது அதைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறதே, அதுதான் என் கஷ்டம் என்றேன்.

நாலரை மணிக்கு வாட்ச்மேன் வந்து, பெத்தவங்க எல்லாம் கிளம்புங்க என்றான். ஹாலே எழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதன. நான் எழவில்லை. "நீ சொன்னாத்தான் நான் எந்திரிப்பேன்" என்றேன். வாட்ச்மேன் வந்து தோளைத் தொட்டான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் இங்க இருக்க மாட்டனுங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க சொன்னாலும் இருக்க மாட்டனுங்கப்பா."

பொய் சொல்லக் கூடாது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாலு பேர் நடுவில் பெத்த பிள்ளை என் பேச்சை மறுத்துவிட்டது என்று சுருக்கென்று வந்தது. அது போக ஒரு நிமிஷம் ஆச்சு. போன பிறகு ட்ரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். வாளியை அவள் எடுத்துக்கொண்டாள்.

பீளமேட்டில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கணக்குக்கு நேற்றுப் போய்க் கேட்டோம். பாரம் கொடுக்கிற தேதி போன வாரமே முடிந்துவிட்டதாம். இடம் காலியானால் சொல்கிறோம் என்றார்கள். ஆகவில்லையென்றால் இந்த வருஷம் போயிற்று. அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் திருத்துகிறவர்கள் இருப்பார்கள், விடைக்குறிப்பு இருக்கும்.

திரும்பி வரும்போது ஈரோட்டில் பஸ் மாறினோம். பவானி பஸ் பக்கத்திலேயே நின்றது. "அத்தை ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றாள். எனக்கு உன் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. வேண்டாம் கண்ணு என்று சொல்லிக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறச் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில், "ஏனுங்கப்பா, நான் போலாம்னுதானுங்க சொன்னேன்" என்றாள்.

இறங்கிப் பார்த்தோம், பவானி பஸ் போய்விட்டிருந்தது. சனிக்கிழமை கூட்டி வருகிறேன்.

சுப்பண்ணன்